பழுப்பு ஒயர்

என் தொழில் காருக்கும் லோரிக்கும் ஒயரிங். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின்சந்தில் கடை. வாசலில் இரண்டு கார் நிற்கலாம். மூன்றாவது வந்தால் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்காரர் சண்டைக்கு வருவார். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று எழுதுவதே தலைக்கனம்தான், நிறையவே உண்டு. வேறொருவர் போட்ட ஒயரைப் பார்த்தால், இது எந்த மடையன் பண்ணிய வேலை என்று கேட்காமல் நான் கை வைத்ததே இல்லை.

கிள்ளானில் லோரி கம்பெனி நடத்தும் ஒருவருடைய வண்டிகளுக்கெல்லாம் நான்தான் ஒயரிங். பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மீன்பிடிக்கிற பைத்தியம் முற்றி, பழைய படகு ஒன்றை வாங்கினார். பின்னால் இரண்டு எஞ்சின். ஒரு நாள் நங்கூரம் போட்டுவிட்டு நண்பர்களோடு பாட்டும் விளக்கும் ஐஸ்பெட்டியுமாக உட்கார்ந்து, திரும்பக் கிளம்பும்போது இரண்டு எஞ்சினும் உயிரில்லாமல் கிடந்து, வேறொரு படகு வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். லோரிக்குச் செய்கிற ஆளுக்குப் படகு என்ன பெரிய விஷயம் என்றார். படகில் நான் ஏறியதுகூட இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வேலை பாஸ் என்று சொன்னேன்.

வேலை என்னவோ எளிதானதுதான். இரண்டு எஞ்சினுக்கும் ஆளுக்கொரு பேட்டரி. விளக்கு, ரேடியோ, மற்ற சில்லறைகளுக்கு மூன்றாவது ஒன்று. எஞ்சின் ஓடும்போது மூன்றும் சார்ஜ் ஆக வேண்டும், நிற்கும்போது ஒன்றின் கரண்டை இன்னொன்று குடித்துவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஐசொலேட்டர். கூடவே ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சிவப்புத் திருகு சுவிட்ச். படகைக் கட்டிவிட்டு மூன்றையும் அணைத்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ஆற்றோரம் மிதக்கும் பலகை மேடை, அதில் படகு கட்டியிருந்தது. மூடியைத் திறந்து பேட்டரிகளைப் பார்த்ததும் வழக்கம்போலத் திட்டத் தொடங்கினேன். மூன்றாவது பேட்டரியின் தலையில், எந்த சுவிட்சுக்கும் கட்டுப்படாமல், ஒரு மெல்லிய பழுப்பு ஒயர் நேராக மாட்டியிருந்தது. கார் வேலையில் அப்படி ஒரு ஒயரைப் பார்த்தால் அது அரைகுறை ஆள் செய்தது என்று அர்த்தம். மலிவான அலாரம் பொருத்துகிறவர்கள் அப்படித்தான் செருகிவிட்டுப் போவார்கள், வாரம் ஒரு முறை பேட்டரி செத்துப்போகும். நான் அதைக் கழற்றி, மற்ற ஒயர்களோடு சேர்த்து சுவிட்சுக்குப் பின்னால் கொண்டுபோய், அழகாக வரிசை கட்டி இறுக்கினேன். அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

அது படகின் அடிவயிற்றில் இருந்த பம்ப்புக்குப் போனது. மழைத் தண்ணீரோ கசிவோ அடியில் சேர்ந்தால் அங்கே ஒரு மிதவை எழும்பும். உடனே பம்ப் ஓடித் தண்ணீரை வெளியே தள்ளும். ஆள் இருக்கும்போதும் ஓடும், இல்லாதபோதும் ஓட வேண்டும். அதனால்தான் அந்த ஒயர் சுவிட்சைத் தொடாமல் நேராக பேட்டரிக்குப் போயிருந்தது. படகு வேலை தெரிந்த எவருக்கும் இது முதல் பாடம். மழை பெய்தால் கார் மூழ்காது, அதனால் என் இருபது வருடத்தில் இந்தப் பாடம் வரவே இல்லை.

படகைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். தமிழர், என் வயதுதான். கம்போங் மேடானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கழுவுவது, எண்ணெய் நிரப்புவது, பாஸ் களைத்தால் ஓட்டுவது எல்லாம் அவர்தான். அன்று அவர் பலகை மேடையிலேயே நின்றார். கேட்ட சாமானை எட்டிக் கொடுத்தாரே தவிர, படகில் கால் வைக்கவில்லை. அவருடைய மாமியார் அவர் வீட்டில்தான் இருந்தவர், அங்கேயே இறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பதினாறு கழியவில்லை. அன்று மாலை பாஸின் மனைவி படகுக்குப் பூசை வைத்திருந்தார். அதனால் பூசை முடியும்வரை ஏறுவதில்லை என்று மேடையில் நின்றவர் தாமாகவே முடிவு செய்திருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. நாலரைக்கு ராகு காலம். பாஸின் மனைவி தட்டும் தேங்காயும் எலுமிச்சம்பழமுமாகக் கரையில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ கடைசிக் கேபிளைப் பின்பக்கமிருந்து முன்னால் இழுக்க வேண்டும். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மேடையில் நின்றவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எனக்கு இன்னும் பதினாறு கழியல. பூசைக்கு வச்சிருக்கிற போட்டுல எப்படி ஏறுறது," என்றார், மெதுவாக.

"நீங்க ஏறுனா போட்டு முழுகிடுமா? வாங்க லா, நேரமாச்சு," என்றேன்.

பூசைக்கு வந்திருந்தவர்களில் நாலு பேர் சிரித்தார்கள். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். இரண்டு மூன்று நிமிடம் கேபிளைப் பிடித்தார், இறங்கிவிட்டார். பாஸின் மனைவி அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

இறங்கிய பிறகு மேடையிலிருந்து அவர் என்னிடம் ஒன்று கேட்டார். மூன்று சுவிட்சையும் அணைத்துவிட்டால் கீழே பம்ப் ஓடுமா என்று. அன்று அந்தப் படகைச் சுற்றி நின்றவர்களில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். குனிந்து அந்த மிதவையை விரலால் தூக்கிப் பார்த்திருந்தால் பதில் தெரிந்திருக்கும், ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் நேரம் போகிறது என்று கரையிலிருந்து குரல் வந்தது. பூசை முடிந்ததும் முதல் சுவிட்சை நான்தான் திருக வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார், என் கை ராசியான கையாம். புதுக் கார் எடுத்தவர்கள் என்னிடம் கொண்டுவந்து ஒரு பல்பாவது மாட்டச் சொல்வார்கள், அந்தப் பேச்சு கிள்ளான்வரை போயிருந்தது. அந்த நினைப்பில் நின்றவன், அதெல்லாம் தானாக ஓடும் என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

தேங்காய் உடைத்தார்கள். நான் திருகினேன், விளக்கெல்லாம் எரிந்தது, கைதட்டினார்கள். படகைக் கட்டியதும் மறக்காமல் மூன்றையும் அணைத்துவிடுங்கள் என்று படகைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னபடியே செய்தார்.

அந்த வாரம் பிற்பகல் தோறும் மழை ஊற்றியது. வியாழக்கிழமை காலை பாஸ் போன் செய்தார். படகு மூழ்கிவிட்டது என்றார்.

ஃபெடரல் ஹைவேயில் போகும்போது யார் மேல் போடலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். பழைய படகு, ஓட்டை இருந்திருக்கும். பம்ப் மட்டமானதாக இருந்திருக்கும். ஷா ஆலம் தாண்டும்போது அந்தப் பழுப்பு ஒயர் ஞாபகம் வந்தது. காரை ஓரங்கட்டி நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனேன்.

எஞ்சின் இரண்டின் பாரத்தில் பின்பக்கம் முழுதும் தண்ணீருக்குள் போயிருந்தது. மூக்கு மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, கட்டிய கயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கரையில் இருபது பேர் கூடிவிட்டார்கள். பாஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தித் தப்பித்திருப்பேன். அவர் அமைதியாகத்தான் கேட்டார்.

"உன் ஒயரிங்ல ஏதும் இருக்குமா?"

"ஒயரிங்ல ஒண்ணும் இல்ல பாஸ். பம்ப் ஓடியிருக்கணும்," என்றேன்.

வாய் கூசவில்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன். நாக்கு தடுமாறியிருந்தாலாவது எனக்குள் ஒரு நல்லவன் இருந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவு சுத்தமாக வந்தது அந்தப் பொய்.

பாஸின் மனைவி கெட்ட பெண்மணி அல்ல. ஒவ்வொரு முறையும் என்னைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டார். அவர் அழுத குரலில், அன்றைக்கே நான் பார்த்தேன், சொன்னால் மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொண்டேன் என்றார். சாவு விழுந்த வீட்டு ஆள், பதினாறு கழியாமல், பூசைக்கு வைத்த படகில் ஏறியது. பாஸுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தை நான்தான் எடுத்து மறைத்துவிட்டேனே.

படகைப் பார்த்துக்கொண்டவரும் அங்கேதான் நின்றார். இவர்தான் ஏறச் சொன்னார் என்று என்னைக் கை காட்டியிருக்கலாம். பம்ப் ஓடும் என்று இவர்தான் சொன்னார் என்றும் சொல்லியிருக்கலாம். நான் ஏறியிருக்கக் கூடாதுங்க என்று மட்டும் சொன்னார். பாஸ் அவரை இனி வர வேண்டாம் என்றார், அதுவும் கத்தாமல்தான். நான் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து அதன் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி என்னிடம் வந்தார். ஹெல்மெட் கையில் இருந்தது.

"அண்ணே, உங்க கைராசிக்கு என்னால கெட்ட பேரு வந்திருச்சு. மனசுல வச்சிக்காதீங்க," என்றார்.

நான் தலையாட்டினேன். மன்னித்துவிட்ட மாதிரி.

அதற்கடுத்துச் செய்ததை எழுதவே கை வரவில்லை, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் இதுவும் ஒரு பொய்தான். படகைத் தூக்கி, எஞ்சின்களைப் பிரித்துக் கழுவி, இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒயரிங்குக்கு என்னையே கூப்பிட்டார்கள். போனேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, புதிதாக ஒரு பழுப்பு ஒயரை, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, சுவிட்சைத் தொடாமல் நேராக பேட்டரிக்குக் கொண்டுபோனேன். மூன்று சுவிட்சையும் அணைத்துவிட்டு மிதவையை விரலால் தூக்கினேன். பம்ப் உறுமியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, என்ன சொல்ல. திரும்பப் பூசை போட்டார்கள். மழைக்காலம் முழுதும் படகு ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காமல் மிதந்தது. பாஸின் மனைவி எல்லாரிடமும் சொன்னார், பார்த்தீர்களா, அந்த ஆள் இல்லை, படகு நன்றாக இருக்கிறது என்று. என் வேலையே அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடியது. பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு கொண்டோ அடுக்குமாடியில் ஒருவருடைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போனேன். வாசலில் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி கார்டு உடையில், படகைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நிற்கிறாரே என்று எனக்குக் கூசியது. நலம் விசாரித்தார், கடை எப்படிப் போகிறது என்று கேட்டார். கேட்கிற தைரியம் இல்லாமலேயே நானும் வீட்டில் எப்படி என்று கேட்டுவிட்டேன்.

அவர் மறைத்துப் பேசத் தெரியாதவர். மூழ்கிய படகின் படம் போனுக்குப் போன் அலைந்து, கதையோடு சேர்த்து அவர்கள் பிளாட்டுக்கும் வந்துவிட்டதாம். அதிலிருந்து மனைவி எங்கேயும் போவதில்லை. அதே மாடியில் ஒரு வளைகாப்பு, எல்லா வீட்டுக்கும் சொன்னார்கள், இவர்கள் வீட்டுக்குச் சொல்லவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று இவர் சொன்னாலும் அவர் கேட்பதில்லை. தெவசத்தன்று அம்மாவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, உன் சாவுக்கு இப்படி ஒரு பேரா என்று அழுதாராம். இவர் இதையெல்லாம் என்மேல் குறையாகச் சொல்லவில்லை. பாவம், தன்மேல் குறையாகச் சொன்னார்.

அங்கேயே சொல்லிவிட்டேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை, அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நான் ஒயரை மாற்றினேன், சுவிட்சை அணைத்ததும் பம்ப்பும் அணைந்துவிட்டது, அது உங்களால் இல்லை, எனக்கு அன்றைக்கே தெரியும், பிறகு யாருக்கும் தெரியாமல் சரி செய்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஒரு கார் வந்து நின்றது. அவர் போய் நம்பரை எழுதிக்கொண்டு, கட்டையைத் தூக்கி உள்ளே விட்டு, மறுபடி இறக்கிவிட்டு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றார்.

பயந்துவிட்டேன் என்றேன். என்ன பயம் என்று அவர் கேட்கவில்லை.

"எனக்கு வேல கெடச்சிருச்சு. அது விடுங்க. வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லுவீங்களா?"

வருகிறேன் என்றேன். அதற்கு முன் கிள்ளானுக்குப் போய் பாஸிடம் சொன்னேன். அது சுலபமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது, அதுதான் இன்னும் அவமானம். அவர், அதுதான் இப்போது நன்றாக ஓடுகிறதே, விடு, வீட்டில் சொல்லிக் கிளறாதே என்றார். அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்றேன். இனி அது சரிப்படாது என்றார். என்னுடைய லோரி வேலை மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்போங் மேடான் போனேன். நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. அவர் மனைவி இரும்புக் கிரில்லைத் திறந்து, வாங்க என்றார், உட்காரச் சொன்னார். சுவரில் அந்த அம்மாவின் படம். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒயர், சுவிட்ச், மிதவை என்று நான் விளக்கப் போக, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எனக்கு வேணாம். பதினாறு கழியல, வரலேன்னு இவரு சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"நீங்கதான் ஏறச் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"ஏறுனதுனால முழுகல?"

"இல்லீங்க. என்னாலதான் முழுகுச்சு."

அவர் கணவர் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி எழுந்தார். மன்னித்து அனுப்பப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன், கைகூட கூப்பியிருப்பேன். அவர் வெளியே நடையில் இறங்கிப் பக்கத்து வீட்டுக் கிரில்லைத் தட்டினார். அங்கிருந்து ஓர் அம்மாள் ஈரக் கையோடு வந்தார்.

"அக்கா, இவரு ஒண்ணு சொல்லணுமாம். கேளுங்க," என்றார்.

கிள்ளானில் இருபது பேர் முன்னால் சொல்லாமல் விட்டதை இங்கே முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் அவர் மனைவி, கோபமே இல்லாமல். மறுபடி சொன்னேன். எதிர்வீட்டில் டிவியை அணைத்துவிட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். அதற்குள் அவர் மனைவி அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டார். அது வளைகாப்பு நடந்த வீடு. இளம்பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் மாமியாரும் வந்தார்.

நான் சொன்னேன். அந்த மாமியார், அப்போது படகு மூழ்கியதற்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போதுதான் அவர் மனைவியின் முகம் உடைந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவர் பக்கம் திரும்பி, உங்கம்மா மேல ஒண்ணும் இல்லம்மா என்றேன்.

"எனக்குத் தெரியும், அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

நான் திரும்பி நின்று, அவர்களிடம் சொன்னேன். அந்த மாடியில் இன்னும் ஏழு வீடு இருந்தது.